தமாரா அன்ரியின் துவாய்

மார்ச் 12, புதன். வைலே, டென்மார்க்

மழை. அதைவிடக் காற்று. குடை இந்தக் கிழமை இரண்டாவது தடவை திரும்பிக்கொண்டது. ஏழு மணி வேலைக்கு நனைந்தபடிதான் போனேன்.

செய்ய வேண்டியவை:
– கொம்மூனவின், அதாவது நகரசபையின், கடிதத்துக்குப் பதில் (இரண்டு கிழமையாகிறது)
– மகள் மீராவின் பல் வைத்தியர்
– மிளகாய்த்தூள் முடிகிறது
– தமாரா அன்ரிக்கு ஏதாவது. ஞாயிறு போகிறார்

தமாரா அன்ரி, அலேசியாவின் தாய். அலேசியா என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பெலாரஸ்காரி. எங்கள் வாய்க்கு அலே. ஐந்து வருடத்துக்குப் பிறகு தாயும் மகளும் மூன்று கிழமை ஒன்றாக இருந்திருக்கிறார்கள். அலே அங்கே போக முடியாது. 2020 தேர்தலுக்குப் பிறகு ஊர்வலங்களில் முன்வரிசையில் நின்றவள். கடவுச்சீட்டு செப்டெம்பரில் முடிகிறது. வெளிநாட்டில் இருக்கிற தூதரகத்தில் புதுப்பிக்க மாட்டார்களாம், அங்கே போய்த்தான் எடுக்க வேண்டுமாம். போனால் விமான நிலையத்திலிருந்து நேரே மறியல்வீடு.

தாயை இங்கேயே நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார். மகன் சிறையில். போனில் வாசிக்கக் கூடாத பக்கம் எதையோ வாசித்தானாம், அதற்கு. பார்சல் கொண்டுபோகத் தாயை விட்டால் ஆள் இல்லை. மகனின் பெயர் ரமான். எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒரு ராமன் இருப்பான் என்று சொன்னேன். அலே மொழிபெயர்த்தாள். அன்ரி நன்றாகச் சிரித்தார். பிறகு எழும்பிப் போய் ஜன்னலடியில் நின்றார். எனக்கு நாக்கைக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

போன சனி மூன்று பேரும் கடைத்தெருவுக்குப் போனோம். அன்ரி குளித்துத் துடைக்கிற துவாய் ஒன்றைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். விலையைப் பார்த்தார். மடித்துத் திரும்ப வைத்தார், எடுத்ததை விட அழகாக. "தம்பிக்கு," என்றாள் அலே. "துவாய் உள்ளுக்கு விடுவாங்கள்." நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு அன்ரி இரண்டு கையையும் ஆட்டி மறுத்துவிட்டார்.

மறுத்தால் விட்டுவிடுவோமா.

மார்ச் 14, வெள்ளி

துவாய் வாங்கியாயிற்று. மெல்லிய நெசவு, நல்ல பருத்தி, பெரியது. ஆனால் வெள்ளை மட்டும்தான் இருந்தது. வீட்டில் பிரித்து மேசையில் விரித்த பிறகுதான் யோசித்தேன். வெறும் வெள்ளைத் துணியை எங்கள் ஆட்கள் எதற்கு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு, அதுவும் மறியலில் இருக்கிற பிள்ளைக்கு, அப்படியே கொடுத்துவிட மனம் வரவில்லை. மூலையில் மஞ்சள் வைக்கலாம், கறை என்று நினைப்பார்கள்.

விபோர்க்கில் மச்சாள் வீட்டுக் கல்யாணத்தில் தந்த சிவப்பு ரவிக்கைத் துண்டு அலுமாரியில் கிடந்தது. நல்ல சிவப்பு. வெட்டி ஓரத்தில் தைக்கப் பார்த்தேன். ஓர மடிப்புத் தடிப்பு, மெசினில் ஊசி உடைந்தது. இரண்டாவது ஊசியும். சனியன் என்று விட்டு நடுவில் வைத்தேன், நீளப்பாட்டுக்கு, கை அகலப் பட்டியாக. இரண்டு பக்கமும் நெருங்கின தையல். சிறையில் துவைக்கிற துவைப்புக்குக் கழன்றுவிடக் கூடாது.

மனுசன் எட்டிப் பார்த்தார். "ஆருக்கப்பா? எனக்கு ஒரு துவாய் தைச்சுத் தந்திருப்பியே இருபத்திரண்டு வருசத்திலை?"

"நீங்கள் மறியலுக்குப் போங்கோ, தைச்சுத் தாறன்."

மீரா போனிலிருந்து தலையைத் தூக்காமல், "டன்னெப்றோ," என்றாள். டேனிஷ் கொடியாம். வெள்ளையும் சிவப்பும் கண்டால் இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு வேறு ஒன்றும் ஞாபகம் வராது. பிறந்தநாள் கேக்கில் கூடக் கொடி குத்துகிறவர்கள். நல்லதுதான், டென்மார்க் ஞாபகமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு என் தையல் பிடித்திருந்தது. கோடு போட்டது போல நேர்.

மார்ச் 16, ஞாயிறு

வெயில், குளிர். இட்டலிச் சட்டியோடு காலையே அலேயின் வீட்டுக்கு. அன்ரிக்கு இட்டலி பிடித்துவிட்டது, ஜாம் பூசிச் சாப்பிடுகிறார். கடவுளே.

பயணம்: மதியம் விமானத்தில் லிதுவேனியாவின் வில்னியஸ். இரவு அங்கே அலேயின் ஒன்றுவிட்ட தங்கை லீனாவின் வீட்டில். நாளை மதியம் மின்ஸ்க் பஸ். எல்லை வில்னியஸிலிருந்து முக்கால் மணித்தியாலம்தான், ஆனால் வரிசை ஐந்து மணித்தியாலமும் நிற்கும், பத்தும் நிற்கும். அந்தப் பக்கத்து அதிகாரிகள் பெட்டியைக் கொட்டுவார்கள், போனைத் தோண்டுவார்கள். 25ஆம் திகதி, அரசாங்கம் ஏற்காத, இவர்களுடைய பழைய சுதந்திர நாள் வருகிறது. அங்கே அதைக் கொண்டாடினால் குற்றம். அதற்குக் கிட்டப் போனால் சோதனை இன்னும் கூடும் என்றுதான் இந்த ஞாயிறு.

அலே பெட்டியை முழுக்க வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். நான் கட்டிலில் இருந்து பார்த்தேன். அன்ரியின் போனில் அலேயின் நம்பர் இல்லை, படம் இல்லை. கடைப் பில்லுகளைக் கிழித்தாள். யாரோ எழுதிக் கொடுத்த முகவரியைக் கிழித்தாள். அன்ரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பது வருடம் பெலாரஸ் மொழி படிப்பித்த ரீச்சர். அங்கே கடையில் அந்த மொழியில் பாண் கேட்டால் திரும்பிப் பார்ப்பார்களாம். பாடத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் பள்ளிக்கூடத்தில் பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் மிஞ்சியதாம்.

அன்ரி வீடு போய்ச் சேர்ந்ததும், அங்கே பக்கத்து வீட்டில் இருக்கிற ஒரு பெண் பூனையின் படத்தை லீனாவுக்கு அனுப்புவாள். அதுதான் அடையாளம். அதுவரை யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

இருவரும் குசினிக்குள் போனபோது நான் துவாய்ப் பொதியைப் பெட்டியின் அடியில், குளிர்ச்சட்டைகளுக்குக் கீழே தள்ளிவிட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். வேண்டாம் வேண்டாம் என்பார்கள், போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும். விபோர்க் மச்சாள் எங்கள் கார் டிக்கிக்குள் வைக்காத சாமானா.

விமான நிலையத்தில் அன்ரி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ சொன்னார். அலே மொழிபெயர்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

மார்ச் 17, திங்கள்

நித்திரை வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காலை வேலை பன்னிரண்டரைக்கு முடிந்தது. அலேக்கு இன்று லீவு. இட்டலிச் சட்டியை எடுக்கப் போனேன். கதவு திறந்து கிடந்தது. அவள் வரவேற்பறையில் கதிரை மேல் ஏறி நின்று சுவரில் ஒரு துணியைக் குத்திக்கொண்டிருந்தாள். மேலே வெள்ளை. நடுவில் சிவப்பு. கீழே வெள்ளை.

"இதென்ன, அலே?"

"எங்கட கொடி. அம்மா நிக்கேக்கை கழட்டி வைச்சனான். வீடியோக்குள்ளை விழுந்தாலும் எண்டு." (நாங்கள் டேனிஷில்தான் கதைப்போம். என் தமிழில் எழுதுகிறேன்.) "நான் பிறந்த வருசம் இதுதான் நாட்டுக் கொடி. எனக்கு நாலு வயசிலை மாத்திப் போட்டாங்கள். இப்ப இதைக் கண்டால் பிடிப்பாங்கள். இந்த நிறத்திலை சப்பாத்துக்குள்ளை போடுற மேசுக்குப் பிடிச்சிருக்கிறாங்கள், வதனி. ஜன்னல் சீலைக்குப் பிடிச்சிருக்கிறாங்கள். சிரிப்பியோ அழுவியோ."

நான் சோபாவின் கையில் இருந்துவிட்டேன்.

"பஸ் எத்தினை மணிக்கு?"

"ரெண்டுக்கு. இஞ்ச ஒரு மணி. ஏன்?"

சுவர்மணி ஒன்று இருபது.

சொன்னேன். முழுவதும். துவாய், நடுவில் பட்டி, பெட்டியின் அடி. வெள்ளையை வெறுமனே கொடுக்கக் கூடாது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதே எவ்வளவு மடைத்தனமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. அவள் கதிரையிலிருந்து இறங்கவில்லை. கையில் குத்தூசிப் பெட்டி.

"நான் பாத்துப் பாத்து அடுக்கினனான்," என்றாள். "நீ கட்டில்லை இருந்து பாத்தனி."

ஓம். பார்த்தேன். தாளும் போனும் படமும்தான் சிக்கல் என்று நினைத்தேன். துணியில் என்ன என்று நினைத்தேன்.

தாய்க்குப் போன் அடிக்கச் சொன்னேன். அவள் சத்தம் போட்டாள். "போன் அவங்கட கையிலை இருக்கேக்கை டென்மார்க் நம்பர் அடிச்சால்? துவாயை எறி எண்டு மெசேச் விழுந்தால்? அதைவிட நானே பிடிச்சுக் குடுக்கலாம்." லீனாவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை, வேலையில் நிற்பாள். திரும்ப. திரும்ப. ஏழு தடவை.

நாலரைக்கு லீனா கூப்பிட்டாள். விடிய ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டாளாம். அன்ரி தனியத்தான் பஸ்ஸுக்குப் போனவர், திறப்பைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு. பெட்டியைத் திறந்தாரா? தெரியாது. துவாய்? என்ன துவாய்?

அலே என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இட்டலிச் சட்டி அங்கேயே.

மார்ச் 18, செவ்வாய்

பூனை இல்லை.

ஏழு அறை, ஏழு கட்டில், மருந்து வண்டி. நான் கிழக்குப் பக்கம், அலே மேற்குப் பக்கம். இடைவேளையில் அவள் காருக்குள் போய் இருந்தாள். ஏழாம் அறைக் கிழவி என் முகத்தைப் பார்த்து, "யாரும் செத்துவிட்டார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போது ஏன் என் பாணுக்கு இரண்டு தடவை பட்டர் பூசினாய்?"

மனுசன் தேத்தண்ணி போட்டுத் தந்தார். "நீ வேணுமெண்டு செய்யேல்லையே."

"அதைப் போய் அவங்களுக்குச் சொல்லுங்கோ."

"இல்லை, நான் சொல்லுறது…"

"எனக்குத் தெரியும் நீங்கள் என்ன சொல்லுறியளெண்டு."

பாவம், எழும்பிப் போய்விட்டார். அவர் மீது பாய்ந்து என்ன.

எனக்கு ஆறாதது இதுதான். தெரியாத ஆள் என்றால் சரி. நான் தாண்டிக்குளம் ஆமிச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றவள். பையைக் கொட்டிக் காட்டின கை இது. டோர்ச் பற்றரிக்காக ஒருவரை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறேன், திரும்பி வந்தாரா என்று பார்க்க எங்கள் பஸ் நிற்கவில்லை. எந்தச் சாமானும் எந்த நேரமும் குற்றமாகலாம் என்று பதின்மூன்று வயதில் தெரிந்த எனக்கு, நாற்பத்தைந்தில் மறந்து போயிற்று. இங்கே நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக நித்திரை கொண்டு, மறந்து போயிற்று.

மீரா போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். டேனிஷில் மெதுவாக, "நானும் டன்னெப்றோ என்று சொன்னேன், அம்மா," என்றாள். பிள்ளை அழுதது.

மார்ச் 19, புதன்

பூனை இல்லை. மூன்றாம் நாள்.

பஸ் கம்பனிக்கு லீனா போன் எடுத்திருக்கிறாள். திங்கள் பஸ் எல்லையில் ஒன்பது மணித்தியாலம் நின்றதாம். அந்தப் பக்கம் இரண்டு பேரை இறக்கினார்களாம். ஆணா பெண்ணா? சொல்ல மாட்டார்கள். பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அலே இதை என்னிடம் சொல்ல வந்தாள், துணி மடிக்கிற அறைக்கு. நான் துவாய் மடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துவாய்கள், ஐம்பதோ அறுபதோ. வேறு வேலை கிடைக்கவில்லையா எனக்கு அந்த நேரம்.

"அம்மா போகாட்டி," என்றாள், "தம்பிக்குப் பார்சல் இல்லை. போன வருசம் ரெண்டு மாசம் அம்மா இடுப்பு முறிஞ்சு கிடந்தவ. அந்த ரெண்டு மாசத்திலை அவனுக்குப் பல்லு ரெண்டு விழுந்துபோட்டுது." நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு துவாயை எடுத்து மடித்தாள். இன்னொன்று. இருவரும் கூடை முடியும் வரை மடித்தோம். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

சாமி அறையில் விளக்கு வைத்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ரமானுக்கு என்று மட்டும் சொன்னேன், தாய்க்கு என்று சொல்லப் பயம்.

கொம்மூனக் கடிதம் இன்னும் அப்படியே.

மார்ச் 20, வியாழன்

இரண்டு விஷயம். முதலாவது காலை பத்து மணிக்கு.

லீனா விருந்தாளிக் கட்டிலின் விரிப்பை மாற்றியிருக்கிறாள். தலையணைக்குக் கீழே மடித்தபடி ஒரு சிவப்புப் பட்டி. என் பட்டி. ஓரமெல்லாம் நூல் துண்டு. குளியலறையில் நகம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் திறந்தபடி. திங்கள் விடிய லீனா வேலைக்குப் போன பிறகு பஸ் நேரம் வரை அன்ரி இருந்து பிரித்திருக்கிறார். என் நெருங்கின தையலை, ஒவ்வொரு முடிச்சாக.

பட்டியோடு ஒரு துண்டுக் காகிதம். லீனா படம் எடுத்து அனுப்பினாள். அலே எனக்கு வாசித்துக் காட்டினாள், மருந்து அறைக்குள், கதவைச் சாத்திவிட்டு:

"இதை வதனி வைத்தாள். என் சொந்தச் சகோதரிகள் எனக்குத் தரப் பயப்பட்டதை அவள் தந்தாள். அவளுடைய ஆட்களுக்கும் இது தெரியும் போல. சிவப்பு இங்கே இருக்கட்டும், நான் வந்து எடுப்பேன். வெள்ளை ரமானிடம் போகிறது."

நான் வேண்டுமென்று, துணிந்து, அவர்களுடைய கொடியைத் தைத்து அனுப்பினேன் என்று அந்த மனுசி நினைத்திருக்கிறார்.

"அலே, சொல்லு அவவுக்கு. எனக்கு ஒண்டும் தெரியாது, வெள்ளை கூடாது எண்டுதான்…"

"எப்பிடிச் சொல்லுறது? போனிலையோ?" முதல் தடவையாக இந்தக் கிழமை அவள் வாயோரம் அசைந்தது. "அவங்கள் கேட்டுக்கொண்டிருப்பாங்கள். நீ வீரி தான், வேறை வழியில்லை."

சிரிக்கவில்லை நான். துவாய் பிடிபடவில்லை, சரி. ஆனால் ஆள் எங்கே? இறக்கின இரண்டு பேர் யார்?

இரண்டாவது விஷயம் பின்னேரம் ஐந்தரைக்கு. மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பார்த்துக்கொண்டு நின்றேன். அலேயிடமிருந்து படம். சாம்பல் நிறப் பூனை, வாய் கோணல், யாரோ ஒருவருடைய கம்பளிக் காலுறைக்குப் பக்கத்தில்.

கடைக்காரத் தம்பி, "அக்கா, சுகமில்லையோ?" என்றான். "பூனை வந்திட்டுது," என்றேன். கத்தரிக்காயை எடுக்காமலே வந்துவிட்டேன். மனுசனுக்குக் கோழிக் குழம்பு வைத்தேன், மூன்று நாளுக்குப் பிறகு எனக்கும் பசித்தது.

இறக்கின இரண்டு பேரில் அன்ரி ஒருவரா, படம் அனுப்ப ஏன் மூன்று நாள், ஒன்றும் தெரியாது. போனில் கேட்க முடியாது. அவர் வந்து நேரில் சொன்னால்தான்.

மார்ச் 25, செவ்வாய்

அவர்களுடைய நாள். அலே ஓகூஸ் நகரச் சதுக்கத்தில் கொடியோடு நிற்கப் போனாள். பதினெட்டுப் பேர்தான் வந்தார்களாம். நான் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் தமையன் இருக்கிறார், படம் எடுப்பார்கள் என்று எந்த ஊர்வலத்துக்கும் நான் போவதில்லை, எங்கள் ஊர்வலங்களுக்கே. இந்தப் பெண்ணைத்தான் வீரி என்று ஒரு மனுசி நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கொம்மூனக் கடிதம் எழுதி அனுப்பியாயிற்று. பல் வைத்தியர்: மீராவுக்கு ஒரு ஓட்டை.

ஏப்ரல் 24, வியாழன்

நல்ல வெயில். இல்லத்துக் கிழவிகள் எல்லோரும் வெளியே, போர்வையோடு. ஏழாம் அறை தொப்பி கேட்டு அடம்.

அலே தாயோடு கிழமைக்கு ஒரு தடவை கதைக்கிறாள். மழை, பூனை, உருளைக்கிழங்கு. வேறு ஒன்றும் கதைப்பதில்லை. நேற்று அன்ரி ரமானின் கடிதத்தைப் போனிலேயே வாசித்துக் காட்டினாராம். அதை வாசிக்கலாம், அவர்கள் ஏற்கனவே வாசித்து முத்திரை குத்தின கடிதம்தானே. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் கடிதம். ஆறு வரி. அலே கேட்டபடியே ஒரு தாளில் எழுதிக்கொண்டாளாம்.

இடைவேளையில் பின்பக்கத்து வாங்கில் இருந்து அலே சொன்னாள். துவாயைச் சிறை வாசலில் ஏற்று உள்ளே விட்டார்களாம். வெறும் வெள்ளைத் துவாய். பட்டியைப் பிரித்தாலும் நடுவில் ஊசித்துளை இரண்டு வரி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நான் நேராகப் போட்ட கோடு. அதை யார் பார்க்கப் போகிறார்கள்.

"வாசி," என்றேன்.

சுகமாக இருக்கிறேன். பல் வலி குறைவு. புத்தகம் இரண்டு தந்தார்கள். பூனைக்கு என் அன்பு. அவள் ஐந்தாவது வரியில் நின்றுவிட்டாள். திரும்பத் தொடங்கினாள்.

"துவாய் கிடைத்தது, அம்மா. காலையில் அதன் நடுவால்தான் முகம் துடைக்கிறேன்."